கோமாளியைப் பார்க்கப் பழகுவது: உடல் நகைச்சுவைக்கு ஓர் அறிமுகம்

சுவிட்சர்லாந்துக்காரர் குரோக் (1880–1959), ஐரோப்பிய மேடைகளைக் கட்டி ஆண்ட கோமாளி. அவருடைய பேர்பெற்ற வேடிக்கைகளில் ஒன்று இது. பியானோ வாசிக்க வருகிறார். நாற்காலி பியானோவிலிருந்து தள்ளிக் கிடக்கிறது, உட்கார்ந்தால் கை எட்டாது. நாற்காலியை இழுத்துப் போட்டால் தீர்ந்தது. அவரோ அவ்வளவு பெரிய பியானோவை நாற்காலியை நோக்கித் தள்ளத் தொடங்குகிறார்.

இதில் யாரும் விழவில்லை, முகத்தைக் கோணவில்லை, அடி வாங்கவில்லை. பிறகு எதற்குச் சிரிக்கிறோம்? இடைவெளி இருப்பதை அவர் கவனிப்பது நமக்குத் தெரிகிறது. யோசிப்பது தெரிகிறது. ஒரு முடிவுக்கு வருவது தெரிகிறது. அந்தத் தவறான முடிவை முழு மனத்தோடு, மூச்சு வாங்க, செய்து முடிக்கப் பார்ப்பதும் தெரிகிறது. வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமல் இத்தனையையும் உடம்பே சொல்லிவிடுகிறது. உடல் நகைச்சுவை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது: மனத்தில் ஓடுவதை உடம்பு வெளியே காட்டுவது. விழுவதும் வழுக்குவதும் அடிபடுவதும் அந்த ஓட்டத்தின் முடிவில் வருகிறவை. புதிதாகக் கற்க வருகிறவர்கள் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தியதை விட்டுவிடுகிறார்கள். விழுந்தும் சிரிப்பு வராமல் போவது அதனால்தான்.

இந்தக் கலையைப் பெரும்பாலும் பார்த்துத்தான் கற்றிருக்கிறார்கள். சார்லி சாப்ளினும் ஸ்டான் லாரலும் லண்டனில் ஃபிரெட் கார்னோவின் நாடகக் குழுவில் இருந்தவர்கள். அங்கே வசனத்தைவிட உடம்புக்குத்தான் வேலை அதிகம். பஸ்டர் கீட்டன் (1895–1966) குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரோடு மேடையேறியவர். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் அந்தக் குடும்பத்தின் காட்சி. பிடித்து எறிய வசதியாக அவர் சட்டையில் ஒரு பெட்டிக் கைப்பிடியைத் தைத்திருந்தார்களாம். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அவர்கள் செய்ததெல்லாம் காணொளியாகக் கைபேசியில் இருக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிப் பார்ப்பது

முப்பது, நாற்பது நொடிக்கு மேல் போகாத ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் வெட்டு இருக்கக் கூடாது. தலை முதல் பாதம் வரை ஆள் முழுசாகத் தெரிய வேண்டும். கீட்டன் படங்கள் இதற்கு மிகவும் தோதானவை, கேமராவைத் தள்ளி வைத்துவிட்டு உடம்பு முழுவதையும் காட்டுவார். முகத்தை மட்டும் நெருக்கத்தில் காட்டி, நொடிக்கு ஒரு வெட்டு வெட்டும் காட்சிகளில் டைமிங் நடிகருடையதா, எடிட்டருடையதா என்றே தெரியாது. பாடம் படிக்க அவை உதவாது.

முதல் தடவை ரசிகராகவே பாருங்கள். சிரித்துத் தீர்த்துவிடுங்கள். எந்த நொடியில் சிரிப்பு வந்தது என்பதை மட்டும் ஒரு தாளில் 0:14, 0:22 என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். பின்னணி இசையும் பதிவுசெய்து ஒட்டிய சிரிப்பொலியும் நம்மை நன்றாகவே ஏமாற்றும். சத்தமில்லாமலும் சிரிப்பு வருகிற இடமே உடம்பு சம்பாதித்துக் கொடுத்த இடம். மூன்றாம் தடவை திரையின் மேல்பாதியை ஓர் அட்டையால் மறைத்துவிட்டுப் பாதங்களை மட்டும் பாருங்கள். எடை எந்தக் காலில் நிற்கிறது, எப்போது அடுத்த காலுக்குப் போகிறது என்பது தெரியும். அடுத்து இடுப்பு. அதற்கடுத்து கண்கள். தேர்ந்த கோமாளியிடம் பெரும்பாலும் கண் முதலில் போகும், பின்னால் தலை, அதன் பின்னால் மார்பு, கடைசியில் கால். மூன்றும் நான்கும் ஒரே நேரத்தில் திரும்பினால் அது வெறும் திரும்பல். ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பினால் அதில் ஓர் எண்ணம் தெரியும்.

கடைசியாக, குறித்துவைத்த நொடிக்கு மூன்று நொடி முன்னால் தொடங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். இந்த மூன்று நொடிதான் புதையல். பெரும்பாலான காட்சிகளில் அங்கே ஓர் அசையாமை இருக்கும். அது எவ்வளவு நேரம் என்று அளக்க, நொடிக்கு ஒரு 'தகதிமி' என்ற கணக்கில் வாய்க்குள் சொல்லிப் பழகுங்கள். "நடந்தான், நின்றான், ஒரு தகதிமி, பார்த்தான், அரை தகதிமி, ஓடினான்" என்று எழுதிப் பார்த்தால் காட்சியின் தாளம் கைக்கு வந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பழைய மௌனப் படங்களைக் கையால் சுழற்றும் கேமராவில் நொடிக்கு 16 முதல் 20 சட்டங்கள் (ஃபிரேம்கள்) வரை என்று எடுத்தார்கள். அதை 24 சட்ட வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் பரபரவென்று நடப்பார்கள். நகைச்சுவைக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி எடுத்ததும் உண்டு. ஆக, அந்த வேகத்தை நடிகரின் வேகம் என்று நம்பிப் பயிற்சி செய்யாதீர்கள். பின்னணியில் கொட்டும் தண்ணீரை, எழும் புகையை, தெருவில் போகிறவர்களைப் பாருங்கள். அவையும் அவசரப்பட்டால் அந்தப் பிரதி வேகமானது. 0.75 வேகத்தில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

சுவர்: ஒரே பாடத்தில் பாதி மைம்

பிரான்சில் எத்தியேன் தெக்ரூ (1898–1991) உடல்வழி மைமை, அதாவது பேசாமல் உடம்பாலேயே நடிக்கும் கலையை, இலக்கணமாக வகுத்தவர். அவரிடம் படித்தவர் மார்செல் மார்சோ (1923–2007). கோடு போட்ட பனியனும் பூச்செருகிய பழைய தொப்பியுமாக 1947-இல் மார்சோ உருவாக்கிய 'பிப்' என்ற பாத்திரத்தால்தான் உலகத்துக்கு மைம் என்றால் என்னவென்று தெரிந்தது. மூடிக்கொண்டே வரும் கூண்டுக்குள் சிக்கிய மனிதனை அவர் நடிக்கும்போது, இல்லாத சுவர் நம் கண்ணுக்குத் தெரியும். எப்படி?

பதில் ஒரே சொல்: நிலைப்புள்ளி. காற்றில் ஓர் இடத்தைத் தேர்ந்து அங்கே கையை வைத்தால், அதன்பின் உடம்பின் மற்ற எல்லாம் அசையலாம், அந்தக் கை மட்டும் அசையக் கூடாது. அசையாத ஒன்றைச் சுற்றி அசைவைக் காட்டும்போது, அங்கே கெட்டியான ஏதோ இருக்கிறது என்று பார்க்கிறவரின் மூளை முடிவுகட்டிவிடுகிறது.

பயிற்சியை உண்மையான சுவரிலிருந்து தொடங்குங்கள். தோள் உயரத்தில் உள்ளங்கையை வையுங்கள், முழங்கை பாதி மடங்கி இருக்கட்டும். இப்போது கையைப் பாருங்கள். சுவரைத் தொடுவதற்கு முன் விரல்கள் தளர்ந்து, லேசாக உள்நோக்கி வளைந்திருந்தன. தொட்டதும் தட்டையாகி, விரிந்து, மணிக்கட்டு பின்னால் மடிந்தது. எடுக்கும்போது உள்ளங்கை முதலில் பிரிந்து, விரல்நுனி கடைசியாக வந்தது. இந்தத் தளர்வு, விரிவு, தளர்வு என்ற வரிசைதான் சுவரை உண்டாக்குகிறது. இருபது தடவை உண்மைச் சுவரில் செய்துவிட்டு, ஓரடி பின்னால் வந்து காற்றில் அதே இருபது தடவை செய்யுங்கள். தொடும் நொடியில் ஒரு சிறு 'டக்' இருக்க வேண்டும். அந்த நிறுத்தம் கூர்மையாக இல்லையென்றால் கை தண்ணீரில் அலைவதுபோல் இருக்கும்.

பிறகு இரண்டு கைகள். வலது கை சுவரிலேயே இருக்க, இடது கையை மட்டும் எடுத்து, மூன்று நான்கு அங்குலம் உங்களை நோக்கி இழுத்து, தோள் அகலம் அளவு பக்கவாட்டில் கொண்டுபோய், 'டக்'கென்று வையுங்கள். இடது கை நின்ற பிறகே வலது கை கிளம்பலாம். ஒரு கையாவது எப்போதும் சுவரில் இருக்க வேண்டும்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. முதலாவது, சுவர் வளைந்துவிடும். மனிதக் கை தோளை மையமாக வைத்து வட்டம் போடும் உறுப்பு. சும்மா பக்கவாட்டில் கொண்டுபோனால் அது வில்போல வளைந்து உங்கள் அருகே வந்துவிடும், பார்க்கிறவருக்குச் சுவர் பானையாகத் தெரியும். கை நெஞ்சுக்கு நேரே இருக்கும்போது முழங்கை மடங்கியும், பக்கத்தில் போகப் போக நீண்டும் இருந்தால்தான் தளம் நேராக வரும். கையை முழுக்க நீட்டித் தொடங்குகிறவர்களுக்கு, மேலே நீட்ட மிச்சமே இருக்காது. இரண்டாவது, விரல்கள் எப்போதும் விறைத்தே இருப்பது. தளர்வு இல்லாவிட்டால் விரிவுக்கு அர்த்தமில்லை. மூன்றாவது, இதுதான் அடிக்கடி நடப்பது: உடம்பு முன்னே சாயும்போது கையும் கூடவே ஓரிரண்டு அங்குலம் போய்விடும். அதைச் சரிசெய்ய, சன்னல் கம்பியிலோ கதவு விளிம்பிலோ விரல்நுனியை லேசாக ஒட்டிவைத்துக்கொண்டு, இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டிப் பழகுங்கள். கை நிற்க, முழங்கையும் தோளும் தாமாக மடங்கி நீளக் கற்றுக்கொள்ளும்.

கயிறு இழுப்பது, எதிர்காற்றில் நடப்பது, கனமான பெட்டியைத் தூக்குவது எல்லாமே இதே விதியின் கிளைகள். கயிற்றில் மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முஷ்டிக்குள் கயிற்றின் தடிமனுக்கு ஓட்டை விட்டுப் பிடியுங்கள், இழுக்கும் வலு கையிலிருந்து அல்ல, பின்காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரட்டும்.

இரண்டாம் பார்வை

ஒன்றைப் பார்த்தும் மூளைக்கு எட்டாமல் திரும்பிவிட்டு, பிறகு திடுக்கிட்டு மறுபடி பார்ப்பதை 'டபுள் டேக்' என்பார்கள். லாரல்–ஹார்டி படங்களில் வரும் மீசைக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசன் இதிலே மன்னர். அவரை ஒரு மாலை முழுக்கப் பார்த்தாலும் நேரம் வீணாகாது.

உதாரணத்துக்கு, ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்து நாற்காலியில் ஒரு மாடு. தாளிலிருந்து தலை நிமிர்கிறது, மாட்டைப் பார்க்கிறது, முகத்தில் ஒன்றும் இல்லை. சாதாரண வேகத்தில் தாளுக்குத் திரும்புகிறது. ஒரு தகதிமி படிக்கிறார். கண் நிற்கிறது. அரை தகதிமி. தலை வெடுக்கென்று திரும்புகிறது, அதற்குப் பின்னால் உடம்பு தூக்கிப் போடுகிறது.

முதல் பார்வையில் புருவம் ஒரு நூல் ஏறினாலும் காட்சி போச்சு, விஷயம் தெரிந்துவிட்டதென்று பார்க்கிறவர் முடிவு செய்துவிடுவார். இரண்டு திருப்பங்களும் ஒரே வேகத்தில் இருந்தாலும் வேலை செய்யாது. முதலாவது சோம்பல், இரண்டாவது சாட்டை. நடுவில் படிக்கும் அந்த ஒரு தகதிமியைப் பயத்தில் விழுங்கிவிடுவதும் தொடக்கக்காரர்களின் வழக்கம். ஆள் சும்மா இருந்தால் பார்க்கிறவர்கள் சலித்துவிடுவார்களோ என்ற பயம் அது. நேர்மாறாக, அந்தக் காலியிடத்தில்தான் அவர்கள் மாட்டைப் பற்றி அவருக்கு முன்னால் தெரிந்துகொண்டு காத்திருக்கிறார்கள்.

எதிர்வினை எவ்வளவு பெரிய கலை என்பதற்குத் தமிழிலேயே ஒரு பாடப்புத்தகம் இருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, டி.எஸ். பாலையா கேட்கும் காட்சி. எல்லோரும் நாகேஷின் குரலையும் கையையும் முகத்தையும் ரசித்திருப்போம். இந்தத் தடவை நாகேஷைக் கையால் மறைத்துக்கொண்டு பாலையாவை மட்டும் பாருங்கள். வேலையே இல்லாதவர்போல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெரிய மனிதரின் கம்பீரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுவது தெரியும். அவர் எங்கேயும் நாகேஷோடு போட்டி போடவில்லை. ஒருவர் அசையும்போது மற்றவர் அடங்குவது என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. இருவரும் சேர்ந்து ஆடினால் கண் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தடுமாறும். பாரிஸ் சர்க்கஸ்களில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபுட்டிட், ஷோக்கோலா என்ற இணை இதே இரட்டை வேடத்தில் புகழ்பெற்றது: கண்டிப்பான வெள்ளைமுகக் கோமாளி ஒருவர், உதைபடும் அசட்டுக் கோமாளி ஒருவர். நம் தெருக்கூத்தில் கம்பீரமாக வந்து நிற்கும் ராஜவேஷத்துக்குப் பக்கத்தில் கட்டியக்காரன் நிற்பதும் இந்தக் கணக்குதான்.

தடுக்குவதும் விழுவதும்

தடுக்குவதை வீட்டுக் கூடத்திலேயே பழகலாம். சீரான வேகத்தில் நான்கு எட்டு நடங்கள். ஐந்தாவதில், பின்னாலிருந்து வரும் காலின் பெருவிரல் நுனியால் முன்காலின் குதிகாலைப் பின்னாலிருந்து லேசாகத் தட்டுங்கள். மார்பு முன்னே போகட்டும், இரண்டு சின்ன அவசர எட்டுகளில் சமாளித்து நில்லுங்கள். பிறகு தரையைத் திரும்பிப் பாருங்கள், 'எது தடுக்கியது?' என்று. அதன்பின் யாராவது பார்த்துவிட்டார்களா என்று பாருங்கள். இந்த இரண்டு பார்வையையும் சேர்க்காமல் தடுக்கினால் பரிதாபம்தான் வரும். சேர்த்தால், தன்மானத்தைக் காப்பாற்றத் துடிக்கும் ஒரு மனிதர் வந்துவிடுகிறார்.

பெரும்பாலோர் செய்யும் பிழை, தடுக்கப்போகும் இடத்தை முன்கூட்டியே பார்ப்பது. அடுத்தது, தடுக்குவதற்கு முந்தைய எட்டில் வேகம் குறைவது. இரண்டும் பார்க்கிறவருக்கு முன்னறிவிப்பு. நடக்கும்போது வேறு ஏதாவது வேலையில் இருங்கள்: கடிதம் படியுங்கள், தூரத்தில் யாருக்காவது கையாட்டுங்கள். சாப்ளினைப் பாருங்கள். 1914-இல் அவர் கோத்த உடையிலேயே இந்த முரண் இருக்கிறது. மேலே இறுக்கமான கோட்டு, சின்னத் தொப்பி. கீழே தொளதொளப்பான கால்சட்டை, பெரிய ஷூ. கால்கள் அல்லாடும்போதும் மேல்பாதி கனவானாகவே இருக்கப் பார்க்கும். திரையை நடுவில் மறைத்து இரண்டு பாதியையும் தனித்தனியே பார்த்தால் இரண்டு வேறு ஆட்கள்போல் இருக்கும்.

முழுசாக விழுவது வேறு விஷயம். அதைத் திரையைப் பார்த்து மட்டும் கற்க வேண்டாம். ஜிம்னாஸ்டிக்ஸோ ஜூடோவோ சொல்லித்தருகிற ஒருவர் பக்கத்தில் இருந்து, கனமான மெத்தை விரித்துப் பழக வேண்டியது அது. பார்த்துக் கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறோம். தேர்ந்தவர் நின்ற உயரத்திலிருந்து விழுவதே இல்லை. முதலில் முழங்கால் மடங்கி, இடுப்பு தரைக்கு அருகே வந்துவிடும். உட்காரும் இடத்தின் ஒரு பக்கச் சதையில் இறங்கி, வளைந்த முதுகில் உருள்வார். வால் எலும்பு தரையைத் தொடாது. மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும், பின்மண்டை அடிபடாமல் இருக்க. கை பின்னால் ஊன்றாது. ஊன்றினால் மணிக்கட்டு முறியும். கீட்டனைப் பாதி வேகத்தில் பார்த்தால் இவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். அந்தக் கீட்டனுக்கே 1924-இல் 'ஷெர்லாக் ஜூனியர்' படப்பிடிப்பில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் நீர் மேலே கொட்டியபோது கழுத்தெலும்பு முறிந்தது. அது முறிவு என்பதே பல ஆண்டு கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது.

அவருடைய மிகப் பெரிய காட்சியில் அவர் விழவும் இல்லை. 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. திறந்திருந்த மாடி ஜன்னல் சரியாக அவர் நின்ற இடத்தில் இறங்குவதால் பிழைக்கிறார். அதைச் செய்து பார்க்கச் சொல்லவில்லை, ஒருபோதும் கூடாது. அதில் கற்க இருப்பது ஒன்றுதான்: சுவர் வரும்வரை அவர் உடம்புக்கு எதுவும் தெரியாது. தோள்கூடச் சுருங்குவதில்லை. தடுக்கும் பயிற்சியில் உங்களுக்கு வேண்டியதும் அந்த அறியாமைதான்.

மேடையில் கன்னத்தில் அறைவதற்கும் இதையே சொல்லலாம். கை முகத்தில் படாது, இருவருக்கும் நடுவே நீட்டிய கையின் நீளத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இடைவெளி. அறை வாங்குகிறவர் பார்வையாளருக்கு மறைந்த பக்கத்தில் தன் கையையே தட்டிச் சத்தம் தருகிறார், அதே நொடியில் தலையைத் திருப்புகிறார். காட்சியை ஓட்டுகிறவர் அடிக்கிறவர் அல்ல, வாங்குகிறவர். அவர் கண்ணால் சம்மதம் சொன்ன பிறகே கை கிளம்ப வேண்டும்.

நேரில் பார்க்கும்போது

திரையில் கிடைக்காத ஒன்று நேரில் கிடைக்கும்: கூட்டம். கூத்து நடக்கும் இடத்திலோ, பபூன் வரும் இசை நாடக மேடையிலோ, சர்க்கஸ் கூடாரத்திலோ உட்காரும்போது, முன்வரிசைக்குப் போகாமல் ஓரமாக உட்காருங்கள், ஆட்டமும் பார்க்கிறவர்களும் ஒருசேரத் தெரியும்படி. சிரிப்பு எழும்போது நல்ல கோமாளி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் சிரிப்பை நிறுத்த மாட்டார், அதன் மேலே அடுத்ததைச் செய்யவும் மாட்டார். சிரிப்பு ஏறி, உச்சி தொட்டு, இறங்கத் தொடங்கும் இடத்தில் அடுத்த அசைவை வைப்பார். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் கூட்டம் ஆறிப்போகும். அதே வேடிக்கை மூன்றாம் தடவை வரும்போது எதை மாற்றுகிறார் என்பதையும் பாருங்கள். இரண்டு தடவை ஒரே மாதிரி செய்து எதிர்பார்ப்பைக் கட்டிவிட்டு, மூன்றாவதில் அதை உடைப்பது உலகம் முழுக்க உள்ள கோமாளிகளின் வழக்கம்.

பாரிஸில் 1956-இல் நாடகப் பள்ளி தொடங்கிய ஜாக் லெக்கோக், கோமாளியின் சிவப்பு மூக்கை உலகிலேயே மிகச் சிறிய முகமூடி என்பார். அதை வாங்கி மாட்டிக்கொள்ள அவசரப்பட வேண்டாம். முகச் சேட்டையிலிருந்து தொடங்குவதும் அப்படியே. கண்ணாடி முன்னால் பழகும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கண்ணாடியைப் பார்த்தால் கண் எப்போதும் உங்கள்மேலேயே இருக்கும், சுவரையோ மாட்டையோ பார்க்க வேண்டிய கண் அது. பதிலாகக் கைபேசியை இடுப்பு உயரத்தில், பத்தடி தள்ளி நிறுத்திவையுங்கள், பாதம் முதல் தலைக்கு மேல் ஒரு சாண் வரை தெரியட்டும். ஒரு நாளைக்கு ஒரு பயிற்சி, பதினைந்து நிமிடம் போதும்.

எடுத்ததை உடனே பார்க்காமல் மறுநாள் பாருங்கள், சத்தமில்லாமல். பிறகு இந்தப் பயிற்சியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், முடிந்தால் ஏழெட்டு வயதுக் குழந்தையிடம் காட்டி, "இதில் என்ன நடக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். "சுவர் இருக்கு, அவங்களால வெளியே வர முடியலை" என்று பதில் வந்தால் அடுத்த பயிற்சிக்குப் போகலாம். "கையை ஆட்டுறாங்க" என்று வந்தால் மறுபடி உண்மைச் சுவருக்குப் போய், விரல்கள் தளர்வதிலிருந்து தொடங்குங்கள்.